கீழ்வீட்டுப் பாதி, மேல்வீட்டுப் பாதி

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது, கண்ணாடி உடையும் சத்தத்தில் அக்கம்பக்கத்தாரின் ஓய்வு கெட்டுவிடுமாம். எங்கள் கட்டடத்தில் வார நாட்களிலும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை இதே கதைதான். ‘ரூஹெட்சைட்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அமைதி நேரம். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் வந்து அமைதி நேரம் என்றால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். எங்கள் ஊரில் மின்சார ரயில் ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம், மார்கழி வந்தால் விடிவதற்கு முன்னால் கோயில் ஒலிபெருக்கி. அங்கே திடீரென்று அமைதியாகிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே ப்ரெமன் நகரத்துக்கு வந்த முதல் வருஷம் இந்த அமைதியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது போலவே இருந்தது. மருத்துவரிடம் போய்க் காட்டிக்கூட வந்தேன்.

நான் இருப்பது நாலாவது மாடி. அதுதான் கடைசி மாடி, அதற்கு மேலே சாய்வுக் கூரையும் புறாக்களும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் சந்தையில் ஒரு பேஸ் கிடார் வாங்கினேன். பேஸ் கிடார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று ஓடிக்கொண்டிருக்குமே, அந்தச் சத்தம் அதிலிருந்துதான் வரும். பதினேழு வயதில் கீழே வைத்ததை நாற்பத்திரண்டு வயதில் கையில் எடுத்தேன். விரல் எல்லாவற்றையும் மறந்திருந்தது, ஒரே ஒரு பாட்டைத் தவிர. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சட்டப்படி சத்தம் போடலாம் என்று நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு ஊட்டெ நின்றாள். என் வயதுக்காரி, டிராம் ஓட்டுகிறவள். அதுவரை மாடிப்படியில் வணக்கம் சொன்னதோடு சரி. 

“மிச்சம் எங்கே?” என்றாள்.

இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறாய், எப்போது நிறுத்துவாய் என்று கேட்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். “முடிந்தது, முடிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். நான் வாசித்ததை அப்படியே வாயால் முணுமுணுத்து, ஒரு கையைத் தொப்புளுக்கு நேராக வைத்துக் காட்டினாள். பிறகு இன்னொரு கையைத் தலைக்கு மேல் ஆட்டி, “இதற்கு மேலே வருவது? அது எங்கே?” என்றாள். இதற்கு மேலே என்ன வரும் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பொறுத்தவரை பாட்டு அவ்வளவுதான். ஊட்டெ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் அந்தக் காலத்து ராக் பாட்டுகள் வாசிக்கிறோம், பேஸ் வாசிக்க ஆள் இல்லை, வா என்றாள். திட்டு வாங்கப் போனவளுக்கு விருந்துக்கு அழைப்பு வந்த கதைதான்.

என் பாட்டு ஏன் பாதிப் பாட்டாக இருந்தது என்பதற்கு நீங்கள் என்னோடு கிழக்குத் தாம்பரத்துக்கு வர வேண்டும். சேலையூர் போகிற வழியில் எங்கள் காலனி. கீழ்ப் போர்ஷனில் நாங்கள், மேல் போர்ஷனில் என் வயதுப் பையன் சேகரின் வீடு. இரண்டு அப்பாக்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள், ஒரே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி விடுகிறவர்கள். எதை வாங்கினாலும் கூட்டாக வாங்குவார்கள். செய்தித்தாள் ஒன்றுதான், காலையில் கீழே, மத்தியானம் மேலே. மாவு மெஷின் கூட்டு, ஏணி கூட்டு. அப்படித்தான் ஒரு நாள் பர்மா பஜாரிலிருந்து கூட்டாக ஒரு ஸ்டீரியோ டேப் ரிக்கார்டர் வந்து இறங்கியது. நடுவில் டேப், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, கழற்றி மாட்டலாம். பெட்டி இரண்டு, வீடு இரண்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டேப்பும் இடப்பக்கத்துப் பெட்டியும் கீழே எங்களுக்கு. வலப்பக்கத்துப் பெட்டிக்கு நீளமாக வயர் போட்டு, வயரை ஜன்னல் வழியாக மேலே ஏற்றினார்கள், பெட்டியைச் சேகர் வயிற்றில் சாய்த்துத் தூக்கிப் போய் அவன் வீட்டு ஹாலில் வைத்தான். இரண்டு அப்பாக்களும் அன்று சாயங்காலம் வாசலில் நின்று, ஒரு கேசட்டில் இரண்டு குடும்பம் பாட்டுக் கேட்கிறது பார்த்தீர்களா என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். ஒரு கணக்கு வாத்தியார், ஒரு விஞ்ஞான வாத்தியார். ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு சத்தம் வரும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சினிமாப் பாட்டில் குறை தெரியவில்லை. பாடுகிறவர் நடுவில் நிற்பார், இரண்டு பெட்டியிலும் கேட்பார். வில்லங்கம் வந்தது சேகரின் மாமா மூலமாக. கப்பலில் வேலை பார்த்தவர், ஒரு லீவுக்கு வந்தபோது ஒரு பை நிறைய இங்கிலீஷ் ராக் கேசட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் எங்கள் அப்பாக்கள் மாணவர்களாக இருந்த காலத்துப் பாட்டு. அந்தக் காலத்தில் ஸ்டீரியோ புதுசு. புதுப் பொம்மை கிடைத்தவர்கள் போலப் பேஸையும் டிரம்ஸையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கிடாரையும் பாடுகிறவனையும் இன்னொரு பக்கம் தள்ளிப் பதிவு செய்திருக்கிறார்கள். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? கீழே எங்கள் வீட்டில் பேஸும் டிரம்ஸும் மட்டும் கேட்கும். “என்னடி பாட்டு இது, ஒருத்தரும் பாட மாட்டேங்கறா” என்பாள் அம்மா. மேலே சேகரின் அம்மா, “தாளமே இல்லாம எவனோ கத்திண்டிருக்கான்” என்பார். மேலிருந்து மெலிதாக ஒரு ஆண் குரல் கேட்கும். அது சேகர் கூடவே பாடுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன், கழுதைக் குரல் என்று அவனைக் கேலியும் செய்திருக்கிறேன். கீழிருந்து வருகிற தும் தும் சத்தத்தை அவன் என் அம்மா துணி துவைக்கிற சத்தம் என்று நினைத்திருக்கிறான். இங்கிலீஷ் பாட்டு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வந்ததைக் கேட்டோம்.

கேட்டோம் என்றா சொன்னேன், அதிலேயே கிடந்தோம். எனக்குக் கிடைத்த பாதியில் எத்தனை அழகு இருந்தது என்பதைச் சொன்னால்தான் மனசு ஆறும். ஒரு பாட்டில் பேஸ் அவசரமே இல்லாமல் மாடிப்படி ஏறும், கடைசிப் படியில் கால் வைக்காமல் திரும்பி இறங்கும். நமக்கு மூச்சு முட்டும். இன்னொன்றில் பாட்டு முழுக்க இரண்டே இரண்டு சுரம். ஆனால் எங்கே வாசிப்பது, எங்கே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்பதில் இருக்கிறது சாமர்த்தியம். பேஸ் என்பது அப்படித்தான். வாசிக்கிறபோது யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் பாட்டே பொத்தென்று விழுந்துவிடும். கிடார்க்காரன் பெயரை ஊர் சொல்லும், பேஸ்காரன் பெயரை அவன் வீட்டார் சொன்னால் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கிற நமக்கும் இது கொஞ்சம் பொருந்தும். துறைமுகத்தில் வந்து இறங்குகிற காப்பிக் கொட்டையின் ஈரப்பதத்தைச் சோதிக்கிற என்னை இந்த நகரத்தில் யாருக்குத் தெரியும்? நான் ஒரு வாரம் லீவு போட்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது பேஸ் கிடாருக்கு நான் எங்கே போவேன்? என்னோடு படித்த ஒருத்தியின் சர்ச்சில் ஒன்று சும்மா கிடந்தது, வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு வந்து வாசித்தால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். “சாமி எல்லாம் ஒண்ணுதான். ஆனா பத்து மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடு, தலைக்கு எண்ணெய் வைக்கணும்” என்றாள். மேலே சேகருக்கு அவன் மாமாவே ஒரு கிடார் வாங்கிக் கொடுத்திருந்தார். அவன் மாதிரி ஒருத்தன் வாசித்து நான் கேட்டதில்லை, இங்கே கேட்டவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு கம்பியை இழுத்துப் பிடித்தானென்றால் அந்தச் சத்தம் அழுதுகொண்டே மேலே போகும், விடுகிறபோது நமக்குத் தொண்டை வலிக்கும். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தால் எதிர்வீட்டுத் தையல் மெஷின் நின்றுவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வருஷம், காலனிச் சங்கம் பூங்காவில் நடத்திய பொங்கல் விழாவில் நாங்கள் இருவரும் ஒரு பாட்டு வாசிப்பதாகப் பெயர் கொடுத்தோம். பரீட்சை வருஷம், வயசு வந்த பெண், சேர்ந்து ஒத்திகை பார்க்க வீட்டில் விடவில்லை. அதனால் என்ன? ஒரே கேசட், ஒரே பாட்டு. அவன் மேலே பழகினான், நான் கீழே பழகினேன். மேடையில் சேர்ந்து வாசிக்க வேண்டியதுதானே! அந்தப் பாட்டு பேஸில்தான் தொடங்கும், நாலு சுற்று தனியாக. நான் தொடங்கினேன், பூங்காவே தலையாட்டியது. சேகர் சேர்ந்தான். சேர்ந்த நொடியிலேயே எல்லாம் கோணலாகிவிட்டது. அவன் முதல் சுரம் என் முதல் தட்டில் வந்து விழுந்தது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அரைத் தட்டு விலகி விலகி ஓடியது. அவனுக்காக நான் நகர்ந்தேன், எனக்காக அவன் நகர்ந்தான். குறுகலான பஸ்ஸில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கமாக ஒதுங்குவார்களே, அந்தக் கூத்து. மூன்று தடவை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினோம். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அப்போதைய செயலாளர் மைக்கை வாங்கி, “குழந்தைங்க அடுத்த வருஷம் இன்னும் நல்லா ப்ராக்டீஸ் பண்ணிட்டு வருவாங்க” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு மாதமாகக் காலனி முழுக்கப் பையன் வாசிக்கப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த சேகரின் அப்பா, குனிந்த தலை நிமிராமல் எழுந்து போனார்.

மேடைக்குப் பின்னால் சேகர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. “வேணும்னே பண்ணினியாடி? என்னைத் தாளம் தெரியாதவன்னு ஊருக்கே காட்டிட்டியே.” நானும் சும்மா விடவில்லை, வாய் என் வாய். “தாளம் தெரிஞ்சா காட்ட மாட்டியா? பேசாம போய் மத்தளம் அடி” என்றேன். அதோடு சரி. அந்த மே மாதம் அவர்கள் பொழிச்சலூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டீரியோவை என்ன செய்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. சேகர் கிடாரைப் பரணில் போட்டுவிட்டான், அப்புறம் தொடவே இல்லை என்று கேள்விப்பட்டேன். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. நானும் பேஸைச் சர்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு எங்கேயாவது அந்தப் பாட்டு கேட்டால், பேஸ் தொடங்கிய உடனே அணைத்துவிடுவேன் அல்லது எழுந்து போய்விடுவேன். கிடார் வருகிற வரை உட்கார்ந்து கேட்டதே இல்லை.

திரும்ப ப்ரெமனுக்கு வருவோம். ஊட்டெ கூப்பிட்ட அந்த வியாழக்கிழமை, தெருச் சங்கத்தின் கூடம். ஊட்டெ பாட நின்றாள், யென்ஸ் என்கிற தச்சர் கிடார், இன்னொருவர் டிரம்ஸ். அதே பாட்டு. நான் நாலு சுற்று வாசித்தேன். யென்ஸ் சேர்ந்தார். மறுபடியும் கோணல்! சேகர் வாசித்த அதே சுரம், ஆனால் நான் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே வந்து விழுந்தது. நான் நிறுத்திவிட்டு, “நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள்” என்றேன். ஒரு ஜெர்மன்காரரிடம் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று ஒரு தாம்பரத்துக்காரி சொன்ன முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். அவர் கோபப்படவில்லை. “நோஹ் மால்” என்றார், இன்னொரு தடவை என்று அர்த்தம். இன்னொரு தடவையும் அப்படியே. கடைசியில் அவர் இசைத்தட்டையே போட்டார். கூடத்தின் இரண்டு மூலையிலும் இரண்டு பெரிய ஸ்பீக்கர். நான் இடது மூலையில் நின்றுகொண்டிருந்தேன். என் பாட்டு வந்தது, எங்கள் வீட்டுப் பாட்டு, தும் தும்மென்று. ஏதோ தோன்றி வலது மூலைக்கு நடந்தேன். அங்கே சேகர் வீட்டுப் பாட்டு. அந்தக் கழுதைக் குரலும் அங்கேதான் இருந்தது, அடப்பாவி, பாடினது அவன் இல்லை! திரும்ப நடுவுக்கு வந்து நின்றேன். கிடார் முதல் தட்டு விழுவதற்கு அரைத் தட்டு முன்னாலேயே தொடங்குகிறது, தாளம் அதன் இரண்டாவது சுரத்தில் வந்து விழுகிறது. டிரம்ஸ் கேட்கிறவளுக்கு அது தெரியும். கிடாரை மட்டுமே கேட்டு வளர்ந்தவன் என்ன செய்வான்? தான் கேட்ட முதல் சத்தத்தைத்தான் முதல் தட்டு என்று எண்ணுவான். சேகர் தவறாக வாசிக்கவில்லை. நானும் இல்லை. இரண்டு வாத்தியார்கள் பெட்டியை நியாயமாகப் பங்கு போட்டதில் வந்த வினை. நான் நடுக்கூடத்தில் நின்று சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது இறந்துபோன சேதி ஞாபகம் வந்ததா என்று கேட்டு யென்ஸ் நாற்காலி எடுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. தாளம் தெரியாதவன் என்கிற பட்டத்தை இருபத்தைந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பவனிடம், அது உன்மேல் அபாண்டம் என்று சொல்லியாக வேண்டும். எப்படியோ எண் வாங்கி நீளமாக ஒரு வாட்ஸாப் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அதற்கென்ன, பொங்கலுக்கு டிக்கெட் போட்டேன். என் அம்மா அதற்குள் காலனிச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டிருந்தாள், “ஜெர்மனியிலேர்ந்து என் பொண்ணு வரா, ஏதாவது வாசிப்பா” என்று. வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்று செயலாளர் கேட்க, நான் யோசிக்காமல் இரண்டு என்று எழுதச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இரண்டாவது ஆளிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

பொழிச்சலூரில் சேகர் வீட்டு வாசலில் நின்றபோது மணி மாலை நாலு. சேகர் இப்போது குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். முன்மண்டை வழுக்கை, மூக்குக் கண்ணாடி. கதவைத் திறந்தவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். அப்புறம், “வாங்க சுமதி. எப்ப வந்தீங்க?” என்றான். அந்த ‘வாங்க’ என் கன்னத்தில் விழுந்தது. வாடி போடி என்று பேசியவன், பிறந்ததிலிருந்து சுமி என்று கூப்பிட்டவன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் மனைவி மாலதி காப்பி கொடுத்தாள், கலகலப்பான பெண், “உங்களைப் பத்தி இவர் சொன்னதே இல்லையே” என்று வேறு போட்டாள். நான் ஸ்டீரியோ கதையைத் தொடங்கினேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. பொழிச்சலூர்க்காரர்கள் பேச்சை அப்படியே நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சேகர் தொடங்கவில்லை. “பழசெல்லாம் எதுக்குங்க இப்ப” என்று எழுந்துவிட்டான். அப்போதுதான் பார்த்தேன். ஹால் மூலையில், இன்டர்நெட் டப்பாவுக்கு அடியில் முக்காலி மாதிரி ஒன்று இருந்தது. அந்த வலப்பக்கத்துப் பெட்டி. சேகர் வயிற்றில் சாய்த்துக்கொண்டு மேலே தூக்கிப் போன அதே பெட்டி, துணி கிழிந்து.

“சாகற வரைக்கும் தூக்கிப் போட மாட்டேங்கறார்ங்க. எடைக்குப் போடலாம்னா அவ்ளோ கோவம் வருது” என்றாள் மாலதி.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே? நான் சொல்றதை நம்ப வேண்டாம். சோதனை பண்ணிப் பாரு” என்று இயர்ஃபோனை நீட்டினேன். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தான். வலது காதில் மட்டும் வைத்தேன். “உன் முதல் தட்டு எதுவோ அதுக்குக் கைதட்டு” என்றேன். அவன் பாட்டு வந்தது. முகம் மாறியது. தட்டினான், துளி பிசகாமல், இருபத்தைந்து வருஷம் ஒன்றும் செய்யவில்லை அந்தத் தாளத்தை. தட்டிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு இன்னொன்றை அவன் இடது காதில் செருகினேன். இரண்டே தட்டு. கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இடது காதிலிருந்து கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான், மாட்டினான். “துணி துவைக்கற சத்தம்…” என்றான் மெதுவாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். “அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கணும்” என்றான். அவன் அப்பா போய் ஆறு வருஷம். மாலதி உள்ளே போய்ப் பரணிலிருந்து கிடாரை இறக்கிவிட்டாள்.

ஆனால் தெரிந்துகொள்வது வேறு, விரலுக்குப் புரிவது வேறு. விழாவுக்கு மூன்று நாள். சர்ச்சில் போய் நின்றேன், அதே பேஸ் இல்லை, அதன் பேத்தி ஒன்று கிடைத்தது. சேகர் வாசித்தால் இன்னும் அந்த அழுகை அப்படியே இருக்கிறது, ஆனால் சேருகிற இடத்தில் மட்டும் விரல் பழைய வழியிலேயே போய் விழும். இரண்டாவது நாளும் முடிந்தது. “வேண்டாம் சுமதி. மறுபடியும் அதே மேடையில அசிங்கப்பட என்னால முடியாது. நீங்க மட்டும் வாசிங்க” என்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலதி சிரித்தாள். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள். “இதுக்குப் போயா இவ்ளோ பேசறீங்க? தாளம் விழறதுக்கு முன்னாடியே பாட்டு எடுக்கறதுதானே, அதீத எடுப்பு. எங்க டீச்சர் எண்ணவே விட மாட்டாங்க. என் கையை மட்டும் பாருங்க. கை மேல போறப்பவே ஆரம்பிச்சுடுங்க. கீழ விழறப்ப ரெண்டாவது நோட்டு.” அவ்வளவுதான். முதல் தடவை உட்கார்ந்தது. இரண்டாவது தடவை உட்கார்ந்தது. மூன்றாவது தடவை விமானம் வந்தது, நாங்கள் நிறுத்தவில்லை.

காணும் பொங்கலன்று சாயங்காலம், அதே பூங்கா, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் மேடை. உறியடி முடிந்து, மாறுவேடப் போட்டியில் மூன்று பாரதியார்கள் இறங்கிய பிறகு எங்கள் முறை. மைக் செட் ஏழுமலை மாடம்பாக்கத்துக்காரர். நான் போய், அண்ணா, பேஸ் எந்தப் பெட்டியில் வரும், கிடார் எந்தப் பெட்டியில் வரும் என்று கவலையோடு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாக்கா நீ, லெப்டு ரைட்டெல்லாம் நம்மகிட்ட கெடியாது. ரெண்டு பொட்டிலயும் எல்லாம் ஒண்ணாத்தான் வந்துகினு கீது. பேஜார் பண்ணாம போய் வாசி.”

“அதுதாண்ணா வேணும்” என்றேன். இந்த மனிதர் மட்டும் அன்றைக்கு எங்கள் வீட்டில் வயர் இழுத்திருந்தால்!

டிரம்ஸ் கிடையாது. முதல் வரிசையில் மாலதி, அவள் தொடை, அவள் கை. நான் தொடங்கினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. சேகர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் குழம்பிவிடுவேன். மூன்று. கூட்டத்தில் பழைய முகங்கள், அன்றைக்குச் சிரித்த முகங்கள். நாலாவது சுற்றின் முடிவில் மாலதியின் கை மேலே போனது. கை மேலே போகும்போதே கிடார் எழுந்தது. கை கீழே விழுந்தபோது என் பேஸும் அவன் சுரமும் ஒன்றாக விழுந்தன. உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. பாட ஆள் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை. நடுவில் அவன் அந்தக் கம்பியை இழுத்துப் பிடித்தான், அது அழுதுகொண்டே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போயிற்று, நான் கீழே என் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்தது. அப்புறம் பாருங்கள், விசிலும் கைதட்டலும்! ஏழுமலை தன் சாமான்களை விட்டுவிட்டு எழுந்து நின்று, “ஒன்ஸ் மோர்!” என்று கத்துகிறார். என் அம்மா பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் என் பொண்ணு, என் பொண்ணு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், கைதட்டக்கூட இல்லை. சேகர் வேர்த்து விறுவிறுத்து என் பக்கம் திரும்பினான். வழுக்கையில் விளக்கு மினுங்கியது.

“ஏய் சுமி, இன்னொரு தடவைடி!” என்றான்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விருது அந்த ‘டி’தான். வேறு எதையும் நான் சுவரில் மாட்டப் போவதில்லை.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் சேகர் பொழிச்சலூரிலிருந்து ஒரு பாட்டின் அவன் பாதியை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறான். நடுவில் விமானம் வரும், மாலதி தொடையில் தட்டுவதும் கேட்கும். நான் அதை வலது காதில் மாட்டிக்கொண்டு என் பாதியை வாசிக்கிறேன். போன வாரம் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. ஊட்டெதான், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். ஒரு கையைத் தொப்புளுக்கு நேராக வைத்து, இன்னொரு கையைத் தலைக்கு மேல் ஆட்டி, மூன்று வருஷத்துக்கு முன் கேட்டதையே கேட்டாள்: “மிச்சம் எங்கே?”

“மேல்வீட்டில்” என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே சாய்வுக் கூரையில் புறாக்கள் நடந்துகொண்டிருந்தன.